கிணற்று நீரின் நைத்திரேற்றை நீக்கும் பிசின்மணிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்குவதே நமது நீர்ச் செல்வம். குடிப்பதும் அதுவே, வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதுவே. வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவில் உட்செலுத்தும் இயல்பினது. ஆதலின், தோட்டத்தில் இட்ட யூறியாவிற் பயிர் உண்ணாது விட்ட பகுதி நைத்திரேற்று எனும் உப்பாக மாறி, இறைப்பு நீருடனும் மழைநீருடனும் கீழிறங்கிக் கிணற்றைச் சென்றடைகின்றது. மலசலக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கின்றது. வலிகாமத்துக் கிணறுகளிற் பல குடிநீருக்குரிய எல்லையைக் கடந்து நைத்திரேற்றைக் கொண்டிருத்தலை 1980ஆம் ஆண்டுகள் முதலே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன.

உலக சுகாதார தாபனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். ஆய்வுகூட அறிக்கை சிலவற்றில் இஃது நைத்திரேற்றிலுள்ள நைத்திரசன் என்ற கணக்கிற் குறிக்கப்படும். அவ்வாறாயின் எல்லை 50 அன்று, ஏறக்குறைய 11 ஆகும். இவ்வேறுபாட்டை அறியாது, 30 என்ற எண்ணைக் கண்டு மனநிறைவு கொள்வோரும் உளர். அறிக்கையைப் பெறும்போதே எக்கணக்கு என்று கேட்டறிதல் வேண்டும்.

நைத்திரேற்று மிகுந்த நீரால் முதலில் இடருறுவது ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை. மாப்பாலை இந்நீரிற் கரைத்துக் கொடுக்கும்போது, குழந்தையின் உடலில் நைத்திரேற்று வேறொரு பொருளாக மாறிக் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கின்றது. உதடும் நகமும் நீலம் பூக்கும். உயிருக்கும் இடர் நேரலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் கிணற்று நீரால் இவ்வாறு நோயுற்ற பண்ணைக் குழந்தைகளைப் பற்றி ஹண்டர் கொம்லி எனும் மருத்துவர் 1945ஆம் ஆண்டில் எழுதிய பின்னரே உலகம் இதனை உணர்ந்தது. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இவ்விடர் இல்லை எனலாம்.

நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாந் தீரும் என்பது நம்மவரின் உறுதியான எண்ணம். கிருமிகளைப் பொறுத்தவரை அஃது சரியே. நைத்திரேற்றோ கொதியில் அழிவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். குளோரீன் இடுதலும், மணல் வடியும், துணியில் வடித்தலும் இதற்குப் பயன்படா.

இதற்கு உதவும் பொருள்களுள் ஒன்று, பல்பகுதியம் எனப்படும் செயற்கைப் பொருளாலான நுண்துளைப் பிசின்மணி. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த அடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர், நொறுங்கிய கிறாமபோன் இசைத்தட்டின் துகள்கள் நீரிலுள்ள உப்புக்களை மாற்றிக்கொள்ளும் இயல்புடையன எனக் கண்டதிலிருந்து இக்கலை வளர்ந்தது. இன்று விற்கப்படும் மணிகள் கடுகை ஒத்தவை, அல்லது அதனினுஞ் சிறியவை. ஒவ்வொரு மணியினுள்ளும் கடற்பஞ்சிற் போல எண்ணற்ற நுண்வழிகள் உண்டு. அவ்வழிகளின் சுவரில் நேர் மின்னேற்றமுள்ள இடங்கள் அமைந்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு குளோரைட்டுத் துணிக்கை ஒட்டியிருக்கும். கிணற்று நீர் ஊடுசெல்லும்போது நைத்திரேற்று அவ்விடத்தைப் பற்றிக்கொள்ள, குளோரைட்டு நீரிற் செல்லும். சந்தையிற் பெரிய தாளைக் கொடுத்துச் சில்லறை பெறுவது போன்ற கொடுக்கல் வாங்கலே இது. எனவே வெளிவரும் நீர் சிறிது உவர்ப்புக் கூடியிருக்கும். கரையோரத்திலுள்ள உவர்க்கிணறுகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நமது நீர் சுண்ணம் மிகுந்து வன்மையானதாதலின், வன்மை நீக்கும் பிசின் உருளைகளைப் பலர் வாங்கிப் பொருத்தியுள்ளனர். மணிகள் பார்வைக்கு ஒன்றேயாயினும், அவை எதிர் மின்னேற்றமுடையவை. கல்சியத்தைப் பிடிக்கும், நைத்திரேற்றைத் தொடா. வாங்கும்போது நைத்திரேற்றுக்குரிய பிசினா என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

மணிகளின் இடம் முழுதும் நிரம்பியபின் அவை வேலை செய்யா. அதனினுங் கொடிது ஒன்று உண்டு. சாதாரண பிசின் நைத்திரேற்றைவிடச் சல்பேற்றை அதிகம் விரும்பும். நிரம்பிய பின்னரும் நீரைச் செலுத்திக்கொண்டிருந்தால், நீரிலுள்ள சல்பேற்று, பிடிபட்டிருந்த நைத்திரேற்றைத் தள்ளிவிடும். அப்போது கிணற்றிலுள்ளதைவிடக் கூடிய நைத்திரேற்று குடத்தில் விழும். நீரின் நிறத்தாலோ சுவையாலோ இதனை அறிய இயலாது. சல்பேற்றால் இவ்வாறு தள்ளப்படாத தனிப்பிசின்களும் உள. விலை கூடினும் அவையே நன்று. எதுவாயினும் குறித்த அளவு நீர் சென்றவுடன் கறியுப்புக் கரைசலைச் செலுத்தி மணிகளைப் புதுப்பித்தல் வேண்டும். லீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் உப்பு என்பது பொதுவான அளவு.

புதுப்பித்தபின் வெளிவரும் கழிவில் உப்பும், பிடித்துவைத்த நைத்திரேற்று முழுவதும் இருக்கும். அதனைக் கிணற்றடியில் ஊற்றுபவர், எடுத்ததை மீண்டும் கிணற்றிலே போடுகின்றார். தோட்டப் பாத்தியிலும் ஊற்றலாகாது. உவரைத் தாங்கும் தென்னைகளுக்கு, கிணற்றிற்குத் தொலைவில், சிறிது சிறிதாகப் பங்கிட்டு விடுதல் தீங்கு குறைந்த வழி என்பது எமது கருத்து. இக்கழிவின் பொருட்டே, உருளையைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீருக்கு மட்டும் பயன்படுத்துமாறு கூறுகின்றோம். பிசின் கிருமிகளைக் கொல்லாதாகலின், வடித்த நீரைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் ஒரு கொதி கொதிக்க வைத்தல் வேண்டும்.

எண்ணெய் கலந்த நீருக்கு இம்மணிகள் உதவா. எண்ணெய் நுண்வழிகளை அடைத்து மணிகளையே கெடுக்கும். சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளை மாசுபடுத்தியது பற்றிய வழக்கில், பாதிப்புற்ற மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பணித்ததை வாசகர் அறிவர். எண்ணெய் மணக்கும் நீரை வீட்டு வடியால் திருத்த முயலாது, பிரதேச சபைக்கும் சுகாதாரப் பகுதிக்கும் அறிவித்தலே முறை. பூச்சிநாசினி போன்ற சேதனப் பொருள்களைப் பற்றுவதற்குச் சிரட்டைக் கரியைப் பதப்படுத்திய வடிகள் உள. மாப்பொருளிலிருந்து கிடைக்கும் வளைய வடிவான சீனித் துணிக்கைகளைப் பிணைத்து, அத்தகைய மாசுகளைக் கரியினும் விரைவாகக் கவரும் நுண்துளைப் பல்பகுதியம் ஒன்றை அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

தோட்டத்திற்கு இறைக்கும் நீரை வடிக்க வேண்டியதில்லை; அதிலுள்ள நைத்திரேற்று பயிருக்கு உணவு. கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் கொண்ட நீரை ஒரு போகத்தில் 400 மில்லிமீற்றர் ஆழத்திற்கு இறைத்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 16 இலட்சம் லீற்றர் செல்லும். அதிலுள்ள நைத்திரசன் 18 கிலோ. அதாவது 39 கிலோ யூறியாவிற்குச் சமம். 16 பரப்பு ஓர் ஏக்கராதலின், பரப்புக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ யூறியாவைக் கிணறே தருகின்றது. கடையில் வாங்கிய பசளையைக் கணக்கிடுவோர் இதனைக் கணக்கிடுவதில்லை. பயிர் இதனை முழுதும் உண்ணாதாகலின் உடனே முழுதையுங் கழித்தல் கூடாது. பாதியைக் கழித்து, எஞ்சியதைப் பல தடவையாகப் பிரித்து இட்டு, பயிரின் நிறத்தைக் கவனித்து வருக.

நெல்வயலின் நிலை வேறு. நீர் தேங்கிய சேற்றில் வளி இல்லாமையால் நைத்திரேற்றின் ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும். கிணற்றுக்கு இறங்குவது குறைவு. ஆயினும் பெருமழைக்கு முதல்நாள் விசிறிய யூறியா வரம்பைக் கடந்து ஓடும்; அஃது கமக்காரருக்கு வீண் செலவு.

நீர் மாதிரியை மாரிக்கு முன் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் எடுத்தல் நன்று. சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் மும்முறை அலசி, வாய்வரை நிரப்பி, வெயில் படாது குளிரில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.