ஐப்பசியில் பாபநாசம் போகலாமா?

பூசை விடுமுறையும் தீபாவளி விடுமுறையும் வந்தால், “பாபநாசம் போய் அருவியில் குளித்துவிட்டு வரலாமா?” என்ற பேச்சு பல வீடுகளில் எழும். தாராளமாகப் போகலாம். ஆனால் அது மழைக்காலம். சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

முதலில், எந்தப் பாபநாசம்? இந்தப் பெயரில் ரயில் நிலையம் இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில். திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்துக்கு நீங்கள் இறங்க வேண்டிய நிலையம் அம்பாசமுத்திரம். நெல்லையிலிருந்து நேரடி பஸ்களும் உண்டு. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர்.

குற்றால சீசன் முடிந்த பிறகு தண்ணீர் இருக்குமா? இருக்கும். குற்றாலத்தின் பேர்பெற்ற சாரல் ஆனி, ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழையால் கிடைப்பது. பாபநாசத்துக்கு மேலே உள்ள பொதிகை மலையோ ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்து வாங்குகிறது. அங்கே பிறக்கும் தாமிரபரணி வற்றாமல் ஓடுவது அதனால்தான். அந்த வழியில் உள்ள அகத்தியர் அருவியிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும்.

எப்போது போவது நல்லது? வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில் போனால் மலை பச்சையாக இருக்கும். பெருமழைக்கான வாய்ப்பும் குறைவு. நவம்பரிலும் டிசம்பர் முற்பாதியிலும் போவதாக இருந்தால், தேதியைத் தள்ளிவைக்கத் தயாராக இருங்கள்.

வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துப் போனால் போதாதா? போதாது. உங்கள் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே, மலைக்குள் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவியில் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துவந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேறுங்கள். குழந்தைகளை முதலில் மேலே ஏற்றுங்கள்.

மலைக்குள் மழை பெய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றைப் பாருங்கள். ஒன்று, வானிலை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ., சிவப்பு என்றால் அதற்கும் மேல் மழை எதிர்பார்க்கப்படுகிறது. ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் பயணமே வேண்டாம்.

இரண்டு, முந்தைய நாள் மழைக் கணக்கு. செய்திகளில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற பெயர்களைத் தேடுங்கள். இவை பாபநாசத்துக்குப் பக்கத்து மணிமுத்தாற்றுக்கு மேலே உள்ள எஸ்டேட் ஊர்கள். இங்கே மழை கொட்டியிருந்தால் மணிமுத்தாறு அருவியில் பெரும்பாலும் குளிக்க விடமாட்டார்கள்.

மூன்று, அணை நீர்மட்டம் (அணையில் தண்ணீர் நிற்கும் உயரம்). காரையாறு எனப்படும் பாபநாசம் மேலணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மட்டம் இந்த எண்களை நெருங்கியிருந்தால், அடுத்த மழைக்கு ஆற்றில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அப்போது படித்துறையில்கூட இறங்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள்ளேயே புகுந்தது.

போன இடத்தில் அருவியை மூடியிருந்தால் பயணம் வீண்தானா? இல்லை. நவகைலாயத் தலங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. உலகம்மை சன்னதியில் நிதானமாக நின்று கும்பிடலாம். அம்பாசமுத்திரத்தை ஒட்டிய மன்னார்கோவிலும் பிரம்மதேசமும் பழம்பெரும் கோயில்கள் உள்ள ஊர்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்கலாம். இவற்றுக்கே ஒரு நாள் சரியாக இருக்கும்.

அருவிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் ஏன் பையைத் திறந்து பார்க்கிறார்கள்? அதற்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்ட இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு எதையும் கொண்டுபோகாதீர்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவதென்றால், மாலைக்குள் திரும்பும்படி காலையிலேயே கிளம்புங்கள். மாஞ்சோலைக்கு வண்டிகளை விடுகிறார்களா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளித்த துணியை ஆற்றில் விடவேண்டும் என்கிறார்களே? பரிகாரம் என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். அந்தத் துணி எங்கும் மறைந்துபோவதில்லை. படித்துறைக் கற்களில் சிக்கி மட்கும், குளிப்பவர் காலைச் சுற்றும். இப்படிச் சேரும் துணிகளை மூட்டை மூட்டையாக அள்ள வேண்டியிருக்கிறது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். உங்கள் ஈரத்துணியை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பாபநாசநாதரைக் கும்பிட்ட பலன் அதனால் ஒரு துளியும் குறையாது.