மிசூரி செனட்டரும் ஏழைகளின் மருத்துவக் காப்பீடும்

அமெரிக்கச் செய்திகளில் மெடிக்கெய்டு என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அந்நாட்டில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடு அது, 1965-ல் தொடங்கியது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. யார் எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சண்டை. அதை விளங்கிக்கொள்ள, மிசூரி மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோஷ் ஹாலியின் நிலைப்பாடுகளைப் பார்ப்போம்.

ஹாலி உறுதியான பழமைவாதி. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டத்தையே ரத்து செய்யக் கோரிய 2018 வழக்கில் மிசூரியையும் சேர்த்தவர். ஆனால் 2020 ஆகஸ்டில் அதே மிசூரி மக்கள், அந்தச் சட்டப்படி மெடிக்கெய்டை விரிவாக்க வேண்டும் என்று சுமார் 53 சதவீத வாக்குகளால் முடிவு செய்தார்கள். நிதி ஒதுக்க மாநிலச் சட்டமன்றம் மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்களின் செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது.

2025 மே மாதம் ஹாலி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். உழைக்கும் ஏழைகளின் காப்பீட்டில் கை வைப்பது தர்மமும் அல்ல, அரசியல் தற்கொலையும்கூட என்பது அதன் சாரம். சொந்தக் கட்சிக்குச் சொன்ன புத்தி அது.

ஜூலை 1 அன்று செனட்டில் வரி, செலவு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கால் நிறைவேறியது. எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சியினரில் ஹாலி இல்லை. அவர் ஒருவர் கையை விலக்கியிருந்தால் மசோதா அன்று தோற்றிருக்கும். கிராமப்புற மருத்துவத்துக்கு ஐந்தாண்டுகளில் 5,000 கோடி டாலர், செயின்ட் லூயிஸ் பகுதியில் அணுக்கழிவால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன.

மருத்துவமனை வரி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மாநிலம் மருத்துவமனைகளிடம் ஒரு வரி வசூலிக்கிறது. அதைத் தன் பங்காகக் காட்டி மத்திய அரசிடம் இன்னும் பெரிய தொகையைப் பெறுகிறது. இரண்டும் சேர்ந்து சிகிச்சைக் கட்டணமாக மருத்துவமனைகளுக்கே திரும்புகிறது. கணக்கு வித்தை என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் நகரத்துக்குத் தொலைவிலுள்ள பல சிறு மருத்துவமனைகளின் உயிர்மூச்சு இதுதான். இந்த வரியின் உச்சவரம்பான 6 சதவீதம், மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் 2028 முதல் படிப்படியாக 3.5 ஆகக் குறையும். வாக்களித்து இரண்டு வாரத்தில், இந்தக் குறைப்பை நீக்கவும் கிராமப்புற நிதியை இரட்டிப்பாக்கவும் ஹாலியே வேறொரு மசோதா கொண்டுவந்தார்! மனம் மாறினாரா, தொகுதி மக்களுக்கு முகம் காட்டினாரா என்பதை மிசூரிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர் மாறாத விஷயமும் உண்டு. உடல்வலு உள்ளவர்கள் வேலை செய்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனையை அவர் ஆதரிக்கிறார். புதிய சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூகப் பணியோ செய்வதாகச் சான்று தர வேண்டும். 2027 ஜனவரிக்குள் எல்லா இடத்திலும் இது அமலாக வேண்டும். ஆர்கன்சாவில் 2018-ல் இதே முறையைக் கொண்டுவந்தபோது சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீடு இழந்தார்கள். அவர்களில் பலர் வேலையில் இருந்தவர்கள் அல்லது விலக்குப் பெறத் தகுதியுள்ளவர்கள். தாள்தான் போய்ச் சேரவில்லை. உதவி விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அங்கே மெடிக்கெய்டில் இருக்கும் உறவினர்கள் உங்களுக்கு இருந்தால் சொல்லி வையுங்கள்: மாநில அலுவலகத்தில் முகவரி சரியாக இருக்கட்டும், வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கட்டும், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தட்டும். விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களின் தகுதியை இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள்.