உங்களுக்குத் தெரியுமா? குத்தம்பாக்கம் நிமிர்ந்த கதை

சென்னையை ஒட்டிய வானகரத்திலிருந்து பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் குத்தம்பாக்கம். கள்ளச்சாராயமும் சாதிப் பூசலும் வாட்டிய ஊர். இந்த ஊரின் பிள்ளை இளங்கோ, விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு வந்து 1996-இல் ஊராட்சித் தலைவரானார்.

● கழிவுநீர்க் கால்வாய்க்கு கிரானைட் ஆலைகள் ஒதுக்கிய துண்டுக் கற்களையே பதித்தார்கள்; செலவு வெகுவாகக் குறைந்தது.

● சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள்: பொதுச்சுவருக்கு ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். மண்ணை அழுத்திச் செய்த கற்களால் கட்டியவை.

● 2001-இல் கிராமத் தன்னாட்சிக்கென அறக்கட்டளை தொடங்கி, பிற ஊராட்சித் தலைவர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

இத்தனைக்கும் பலம் கிராமசபைதான். உங்கள் ஊரில் அது கூடும்போது தவறாமல் போய் உட்காருங்கள், வாய்திறந்து கேளுங்கள்.