பிபிசி மைக்ரோ கணினி: பழுதறிதலும் சீரமைப்பும்

பிபிசி மைக்ரோ என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். 6502 வகைச் செயலியும் 32 கிலோபைட் நினைவகமும் கொண்டது. இந்தியாவில் இது வீடுகளைவிடப் பள்ளிகளில்தான் அதிகம் அறியப்பட்டது. 1984-85இல் நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் மாநில அரசுகளின் வழியாகப் பள்ளிகளுக்குச் சென்றன. 2,598 பள்ளிகள் இவற்றைப் பெற்றன. அதாவது, பள்ளிக்கு நான்கைந்து கணினிகள்.

அவற்றில் ஒன்று இன்று ஏதேனும் ஒரு பரணில் கிடைத்து, மின்இணைப்புக் கொடுத்ததும் புகை வந்தாலோ, திரை இருண்டு கிடந்தாலோ, 'இது செத்துவிட்டது' என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவதே வழக்கம். பல வேளைகளில் கெட்டுப்போயிருப்பது சில ரூபாய் விலையுள்ள ஓர் உதிரிப்பாகம் மட்டுமே. எங்கே பழுது என்பதைக் கணினியே ஒலியாலும் திரையாலும் தெரிவிக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் மின்வழங்கி

நாற்பது ஆண்டுப் பழைய கணினியை நேரடியாக மின்சாரத்தில் செருகக் கூடாது. காரணம், உள்ளே இருக்கும் சில்லுகளில் இரண்டு இந்தக் கணினிக்கென்றே செய்யப்பட்டவை. அவை படக்காட்சியைக் கவனிக்கும் வீடியோ யுஎல்ஏ, ஒலிநாடா இணைப்பைக் கவனிக்கும் சீரியல் யுஎல்ஏ. மற்றவற்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தேடலாம். இவை போனால் இன்னொரு பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தால்தான் உண்டு. கெட்ட மின்வழங்கி 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால் முதலில் பலியாவது இத்தகைய சில்லுகளே.

ஆகவே மின்வழங்கியிலிருந்து பலகைக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிவப்புக் கம்பிகள் +5 வோல்ட், கறுப்பு சுழி, ஊதா −5 வோல்ட். இவ்வகை மின்வழங்கி சுமை இல்லாமல் சரியாக இயங்காது. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட் கார் பிரேக் விளக்கு ஒன்றைச் சுமையாக வைக்கலாம். வீட்டு மின்சாரத்துக்கும் மின்வழங்கிக்கும் நடுவே 100 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்வது நல்லது. வயர்மேன்கள் 'சீரிஸ் பல்பு' என்று சொல்லும் அதே முறைதான். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கணினி தப்பிக்கும். அளவு 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

புகைக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள 'ரைஃபா' என்னும் மின்தேக்கி. உலோகப் பூச்சுள்ள காகிதத்தைப் பிசினில் பொதிந்து செய்தது. ஆண்டுகள் ஆக ஆகப் பிசின் விரிசல்விட்டு ஈரம் உள்ளே இறங்கும். பிறகு ஒருநாள் மின்சாரம் பாய்ந்ததும் வெடித்துப் பழுப்பு நிறப் புகை கக்கும். பார்ப்பவர் அஞ்சும் அளவுக்குப் புகை வந்தாலும், பல நேரம் மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் அளவுள்ள இரண்டையும் அதே அளவில் 'எக்ஸ்2' என்று குறிக்கப்பட்ட புதியவற்றால் மாற்ற வேண்டும். சாதாரண மின்தேக்கி இங்கே கூடாது.

மின்வழங்கியின் பெட்டிக்குள் 325 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் இருக்கும். மாணவர்கள் அதைத் தாமே திறக்கக் கூடாது. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தொலைக்காட்சி பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவருக்கு இந்த வேலை புதிதல்ல. பழைய வண்ணத் தொலைக்காட்சியின் மின்வழங்கியும் இதே இனம்தான்.

ஒலி சொல்வது

நல்ல நிலையில் உள்ள கணினி இயக்கியதும் 'பூ...' என்று தாழ்ந்த ஒலி தொடங்கி, உடனே 'பீப்' என்று முடியும். முதல் ஒலியை எழுப்புவது ஒலிச்சில்லு. மின்சாரம் கிடைத்ததும் அது தானாகவே கத்தத் தொடங்கும். செயலி விழித்தெழுந்து இயக்க நிரலைப் படித்து அதை அடக்குகிறது. பிறகு பீப் கொடுக்கிறது. எனவே 'பூ...' நிற்காமல் நீண்டுகொண்டே போனால், மின்சாரம் உள்ளது, செயலி வேலை செய்யவில்லை என்று பொருள். ஒலியே இல்லையென்றால் மீண்டும் மின்வழங்கியையும் ஒலிபெருக்கிக் கம்பியையும் பார்க்க வேண்டும்.

நிற்காத ஒலிக்கு முதல் மருந்து எளியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சில்லுகளை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்து, கால்களைத் துடைத்து, அதே திசையில் மீண்டும் அழுத்த வேண்டும். சூடும் குளிரும் மாறிமாறி வருவதால் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து சிறிது சிறிதாக மேலெழும்பிவிடுகின்றன. இதற்கும் சரியாகாவிட்டால் லாஜிக் புரோப் தேவை. செயலியின் 40ஆம் கால் இயக்கியவுடன் ஒரு கணம் தாழ்ந்து பிறகு உயர வேண்டும். 37ஆம் காலில் கடிகாரத் துடிப்பு இருக்க வேண்டும். அந்தத் துடிப்பை 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து பிரித்துத் தருவது வீடியோ யுஎல்ஏதான். படக்காட்சிச் சில்லு கெட்டால் செயலியே நின்றுபோவது இதனால்தான்.

திரை சொல்வது

திரையில் 'லாங்குவேஜ்?' என்று மட்டும் வந்தால் மகிழலாம். செயலி, நினைவகம், திரை எல்லாம் நலம். பேசிக் மொழிச் சில்லு மட்டும் அகப்படவில்லை.

எழுத்துகள் மாறித் தெரிந்தால் நினைவகத்தில் பழுது. இந்தக் கணினியில் 16 நினைவகச் சில்லுகள் உள்ளன. எட்டெட்டாக இரு வரிசை. வரிசையில் உள்ள ஒவ்வொரு சில்லும் ஒரு பைட்டின் ஒரேயொரு பிட்டை மட்டும் வைத்திருக்கும். 'ஏ' எழுத்தின் எண் 65, இருமத்தில் 01000001. மதிப்பு 2 உள்ள பிட் எப்போதும் 1 என்றே சிக்கிக்கொண்டால் அது 01000011, அதாவது 67 ஆகும். திரையில் 'சி' தெரியும். 'ஐ' (73) 'கே' (75) ஆகும். 'பி', 'எஸ்', 'சி' ஆகியவற்றில் அந்தப் பிட் ஏற்கெனவே 1 என்பதால் மாறா. ஆக, ஆங்கிலத்தில் 'பேசிக்' என்னும் சொல் பி-சி-எஸ்-கே-சி என்று தோன்றும். வெற்றிடத்தின் எண் 32. அது 34 ஆகி, திரை முழுவதும் இரட்டை மேற்கோள் குறிகள் நிரம்பிவிடும். இவ்வளவையும் காகிதத்தில் கணக்கிட்டே எட்டில் எந்தச் சில்லு என்று சொல்லிவிடலாம். தொடக்கத் திரை நினைவகத்தின் மேல்பாதியில் இருப்பதால் வரிசையும் தெரிந்துவிடும். ஏழாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் கணக்கு இது; ஆனால் பலர் பதினாறையும் கழற்றிப் பலகையைக் கெடுக்கிறார்கள்.

கெட்ட சில்லு சாலிடர் செய்யப்பட்டிருந்தால், அதன் கால்களை வெட்டி உடலை அகற்றிவிட்டு, மீந்த கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுப்பதே பாதுகாப்பு. அந்த இடத்தில் சாக்கெட் வைத்துவிட்டால் அடுத்த முறை சாலிடர் கோலே வேண்டாம்.

அரித்துப்போன செப்புத் தடங்கள்

மாடல் பி கணினியில் பேட்டரி கிடையாது. 1986இல் வந்த 'மாஸ்டர்' வகையில் உண்டு. அது கசிந்தால் செப்புத் தடங்கள் பச்சை பூக்கும். காரக் கசிவாக இருந்தால் வினிகரை லேசாகத் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்த வேண்டும். தடம் அறுந்ததா என்பதை மல்டிமீட்டரின் ஒலிச்சோதனை காட்டும். அறுந்திருந்தால் இரு முனைகளிலும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பியால் பாலம் போடலாம். பார்க்க அழகாக இராது, வேலை செய்யும்.

இராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். இத்தகைய இடத்தில் இருந்த கணினியானால் விசைப்பலகைக்கு அடியில் பஞ்சுத் தூசி படிந்திருக்க வாய்ப்புண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தை உறிஞ்சித் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். மென்தூரிகையால் தட்டி எடுத்த பிறகே ஆல்கஹால் விட வேண்டும். முதலிலேயே நனைத்தால் தூசி குழைந்து விசைகளுக்குள் இறங்கிவிடும்.