நோய்க்குப் பெயர் சொல்வதற்கு முன்

மனநோயைக் கண்டறிவதில் மருத்துவருக்கு முதல் கருவி பேச்சுதான். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதிப்படுத்தும் அப்படியொரு பரிசோதனை இன்றுவரை கிடையாது. நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, மருத்துவர் நேரில் பார்ப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் நோயின் பெயரை முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் முதலில் விட்டுப்போவது வீட்டார் சொல்லவேண்டியதுதான்.

கடலூர் மாவட்டத்தில் இந்த வேலை மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும், சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலும் நடக்கிறது. 1985-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம்தான் அது.

ஆனால் மனநலப் பிரிவைத் தேடி நேராக வருபவர்கள் குறைவு. மனச்சோர்வில் இருப்பவர், “மனசு சரியில்லை” என்று சொல்வதற்கு முன் “தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் வலிக்குது, சோறு இறங்கல” என்றுதான் சொல்வார். பொது மருத்துவரிடம் வலி மாத்திரையும் டானிக்கும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைவார். குறைந்தது 2 வாரமாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் வாடிக் கிடக்கிறதா, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டதா, தூக்கமும் பசியும் மாறினவா என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் மட்டுமே நோய் பிடிபடும். “சாகலாம்னு தோணுதா?” என்றும் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல ஆளில்லாமல் தவித்தவருக்குப் பல நேரம் அது ஆறுதலாகவே இருக்கிறது.

அதோடு முடிந்துவிடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை வந்தாலும் இதே சோர்வு தெரியும். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொரு கேள்வியும் இருக்கிறது: “எப்பவாவது ராத்திரி முழுக்கத் தூங்காமலே களைப்பில்லாம, ஓயாம பேசிக்கிட்டு, கைமீறிச் செலவு பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?” ஆம் என்றால் அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த மிகை எழுச்சி கிளம்பிவிடக்கூடும். மிகை எழுச்சியில் இருந்த நாட்களை நோயாளி நல்ல நாட்களாகவே நினைத்திருப்பார், அதனால் தானாகச் சொல்லமாட்டார். கூட வந்த மனைவியோ அண்ணனோதான் சொல்ல முடியும்.

மனநோய் போலவே தெரிந்து ஏமாற்றும் உடல்நோய் இன்னும் ஆபத்தானது. கால் முறிந்து வார்டில் படுத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு நாள் ஒழுங்காகப் பேசியவர் மூன்றாம் நாள் இரவு விரிப்பைப் பிய்க்கிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், நர்ஸைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கை நடுங்குகிறது, உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. உறவினர் காத்து கருப்பு என்பார்கள். அனுபவமில்லாத மருத்துவர் மனச்சிதைவு என்று எழுதிவிடக்கூடும். “கடைசியா எப்பக் குடிச்சார்?” என்ற ஒரு கேள்வியில் விஷயம் தெளிவாகிவிடும். குடி திடீரென்று நின்றதால் மூளை தடுமாறும் நிலை அது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மனச்சிதைவு உள்ளவருக்குப் பெரும்பாலும் தான் இருக்கும் இடமும் நாளும் தெரிந்திருக்கும். இவருக்கு அவை தெரியாது. அந்த வித்தியாசத்தை உடனே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயல்லாததை நோய் என்று சொல்வதும் தவறுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோரம் முழுக்கச் சாவு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முதல் வாரங்களில் தூக்கம் வராததும், குழந்தையின் குரல் காதில் கேட்பதும், அலைச் சத்தத்துக்கே உடல் பதறுவதும் துக்கத்தின் இயல்பு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று சொல்ல, அறிகுறிகள் 1 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு. அதேசமயம் எல்லாம் துக்கம்தான் என்று தள்ளிவிடவும் கூடாது. ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்குப் பேரிடரில் மருந்து விட்டுப்போனால் ஒரு மாதம் பொறுக்க முடியாது.

ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் சாமி வந்து ஆடுபவர் நோயாளி அல்லர். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலும், ஒரு பண்பாட்டில் ஏற்கப்பட்ட ஆவேசத்தை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. விழா முடிந்த பிறகும் அவர் விரும்பாமலே அது திரும்பத் திரும்ப வந்து, பிழைப்பையும் குடும்பத்தையும் குலைத்தால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இத்தகைய தடுமாற்றம் பெரிய நகரங்களிலும் இருந்தது. 1972-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லண்டன் மருத்துவர்களைவிட நியூயார்க் மருத்துவர்கள் மிக அதிகம் பேருக்கு மனச்சிதைவு என்று எழுதியது தெரியவந்தது. ஆய்வுக் குழு இரு ஊர் நோயாளிகளிடமும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தபோது அந்த வேறுபாடு பெருமளவு மறைந்தது. மாறுபட்டது மருத்துவர்களின் அளவுகோல்தான். பொதுவான அளவுகோல்கள் அதன் பிறகு வலுப்பட்டன. இந்தியாவில் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோலின்படியே மனநோயை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒருவரின் சாதி, மதம், அரசியல், சமூக நிலை எதையும் அதற்குக் காரணமாக்கக் கூடாது.

அளவுகோல் இருந்தாலும் முதல் நாளில் எழுதும் பெயர் கடைசிப் பெயராக இருக்கவேண்டியதில்லை. முதல் தடவை பிரமையோடு வரும் இளைஞருக்கு இருப்பது மனச்சிதைவா, இருதுருவ நோயா என்பது மாதங்கள் போன பிறகே தெளிவாகலாம். பெயரை மாற்றி எழுதும் மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கவனமாகப் பார்த்துவருகிறார் என்றே அதற்கு அர்த்தம்.

மனநலப் பிரிவுக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குடியையும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடனே போக முடியாதவர்கள் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.