மானை ஓடியே பிடிக்க முடியுமா? முதல் வேட்டைக்கு ஒருவன் எப்படித் தயாராவான்

துப்பாக்கி, வில், வலை, நாய் எதுவும் இல்லாமல், கால்நடையாகப் போய் ஒரு மானைப் பிடிக்க முடியுமா? முடியும்னா, முதல்முறை போகிறவன் எதற்கெல்லாம் தயாராகணும்? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியோடு படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் தேறியதுதான் இந்தக் குறிப்பு.

முதல்லயே ஒன்று சொல்லிடறேன். இது வேட்டைக்குக் கிளம்புகிறவருக்கான கையேடு இல்லை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 வருடத்திலிருந்து 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கொன்றால்தான் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். விரட்டுவது, வளைத்து ஓட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'வேட்டை'தான். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று முயலுக்குப் போகிற பழக்கம் இருந்ததே, அதையும் வனத்துறை இப்போது விடுவதில்லை. சட்டம் சரிதான். என் கேள்வி, அந்த வேட்டைக்குள் இருந்த அறிவு என்ன என்பது பற்றி.

எது மான்?

தமிழில் புள்ளிமானும் மான், கடமானும் மான், வெளிமானும் மான். விலங்கியலில் இவை இரண்டு வேறு குடும்பங்கள். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளை விட்ட கொம்பு, அது விழுந்து திரும்ப முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளை விடாது, திருகிக்கொண்டு போகும், விழவே விழாது. ஆடு, மாடு குடும்பத்தைச் சேர்ந்தது அது. பழைய தமிழ் இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறது. புல்வாய் என்ற விலங்கின் ஆணுக்கு இரலை, கலை என்று தனிப்பெயர் உண்டு என்கிறது தொல்காப்பிய மரபியல். இந்தக் கட்டுரையில் நான் மான் என்று சொல்வது கொம்பு விழாத அந்த வகையைத்தான்.

வெளிமான் பேருக்கு ஏற்ற மாதிரி வெட்டவெளியின் விலங்கு. ஒளிந்து தப்பிக்காது. தூரத்திலேயே பார்க்கும், ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும். நம்ம ஆளு உயிரைக் கொடுத்து ஓடினாலும் அதில் பாதி வேகம்கூட வராது. அப்புறம் எப்படி?

வேர்வைதான் ஆயுதம்

வேகத்தில் மான் ஜெயிக்கும், சூட்டில் தோற்கும். நாலுகால் பிராணி பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விட முடியும். வயிறும் நெஞ்சும் ஓட்டத்தோடு சேர்ந்து அசைவதால் அப்படி. உடம்புச் சூட்டை இறக்க அது இளைக்கணும், அதாவது குட்டிக் குட்டியாக வேகமாக மூச்சு வாங்கணும். பாய்ந்து ஓடிக்கொண்டே இளைக்க முடியாது. அதனால் கொஞ்ச தூரம் பறக்கும், நிழலில் நிற்கும், இளைக்கும். சூடு இறங்குவதற்குள் பின்னால் வருகிறவன் வந்துவிட்டால் திரும்பவும் ஓடித்தான் ஆகணும்.

மனிதனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. 20 லட்சத்துக்கும் மேல் வேர்வைச் சுரப்பிகள். உடம்பில் ரோமமும் குறைவு. ஓடிக்கொண்டே சூட்டை இறக்கலாம், எந்த ஓட்டத்திலும் மூச்சு தனியாக நடக்கும். டேவிட் கேரியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் இந்த வாதத்தை எழுதினார். 2004-ல் பிராம்பிள், லீபர்மன் இருவரும் 'நேச்சர்' இதழில் குதிகால் நரம்பு, பின்புறத் தசை என்று எலும்புக்கூடு வரைக்கும் போய், மனித உடம்பு நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே அமைந்தது என்றார்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் சான் மக்கள் பெரிய கூடு மானை இப்படிப் பிடித்ததை லூயி லீபன்பெர்க் கூடவே ஓடிப் பதிவு செய்தார். வெயில் 39 முதல் 42 டிகிரி, தூரம் பெரும்பாலும் 25 முதல் 35 கிலோமீட்டர். கடைசியில் மான் ஓட முடியாமல் நின்றுவிடும். 2024-ல் வந்த ஓர் ஆய்வு, 16-ம் நூற்றாண்டு தொடங்கி உலகம் முழுக்க எழுதிவைக்கப்பட்ட இந்த மாதிரி ஓட்ட வேட்டைக் குறிப்புகள் சுமார் 400-ஐத் திரட்டியிருக்கிறது.

என்னென்ன தயாரிப்பு?

முதலில் நேரம். சாதாரணமாக வேட்டை என்றால் விடியற்காலை, அந்தி என்போம். இதில் தலைகீழ். உச்சி வெயில்தான் வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மதியம் நடந்தவர்களுக்கு அந்த வெயில் தெரியும். நாம் வீட்டுக்குள் போய்ப் படுக்கிற அந்த நேரத்தில்தான் இந்த வேட்டைக்காரன் கிளம்புவான். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்தவரை கையில் ஒன்றும் இல்லாமல்.

அடுத்தது நிலமும் பருவமும். கலஹாரியில் எந்த மாதம் எந்த மான் என்று கணக்கு உண்டு. உலர்ந்த காலத்தில் தளர்ந்த மணலில் கூடு மான் சீக்கிரம் களைக்கும். மழைக்காலத்தில் ஈர மணல் குளம்பை அகட்டிவிடுவதால் சின்ன மான்கள் களைக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாள் நல்லது என்பார்கள். நிலா வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க மேய்ந்த விலங்கு பகலில் அசந்திருக்கும்.

மூன்றாவது, எதைத் துரத்துவது? குட்டியோ பெட்டையோ இல்லை. பெரிய கிடா. கனத்த கொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் அதுதான் முதலில் சோரும்.

காலா, கண்ணா?

இதுவரை சொன்னதைப் படித்தால், தினம் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகிய ஒரு மாரத்தான்காரருக்கு இது கைவந்த கலை என்று தோணும். அங்கேதான் விஷயமே இருக்கு.

மேலே சொன்ன டேவிட் கேரியரும் அவர் அண்ணன் ஸ்காட்டும் அமெரிக்காவின் வயோமிங் புல்வெளியில் பிராங்ஹார்ன் என்ற விலங்கை ஓடிப் பிடிக்கப் பார்த்தார்கள். மான் மாதிரி இருக்கும், தூரத்துச் சொந்தம். இரண்டு பேருமே நல்ல ஓட்டக்காரர்கள். ஆனால் துரத்தப்பட்ட விலங்கு ஒரு மேடு தாண்டி மந்தையில் கலந்துவிடும். மந்தை பிரியும், திரும்பச் சேரும். இவ்வளவு நேரம் ஓடிக் களைத்தது எது, இப்போதுதான் கிளம்பிய புதுசு எது என்று தெரியாது. ஆளை மாற்றி மாற்றித் துரத்தினால் களைப்பது மனிதன்தான்.

அதனால் முதல் வேட்டைக்குப் போகிறவனுக்கு வேண்டிய உண்மையான தயாரிப்பு தடம் பார்ப்பது. மான் ஓடி மறைந்த அடுத்த நிமிஷத்திலிருந்து மண்ணில் குளம்படி மட்டும்தான் மிச்சம். பத்துக் குளம்படியில் நம்முடையது எது என்று ஓடிக்கொண்டே பிரிக்கணும். பாய்ச்சல் நீளம் குறைகிறதா, கால் இழுபடுகிறதா என்று படிக்கணும். தடம் அறுந்த இடத்தில் அது எந்த நிழலுக்குப் போயிருக்கும் என்று மான் மாதிரியே யோசிக்கணும். இப்படி ஊகித்து, சோதித்து, திருத்திக்கொள்கிற இந்தப் பழக்கம்தான் அறிவியலுக்கே தொடக்கம் என்பது லீபன்பெர்க்கின் வாதம்.

இது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க மானைத் தேடிப் போகத் தேவையில்லை. வேடசந்தூர்ப் பக்கம் செம்மண் காட்டில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, வெள்ளாட்டு மந்தை போன தடத்தில் ஒரே ஒரு ஆட்டை மட்டும் தொடர்ந்து பார்த்தேன். இருபது அடிக்குள் பத்துக் கால் குறுக்கே விழும். மந்தைக்காரரிடம் கேட்டேன். "இந்தா பாரு தம்பி, இந்த முன்னங்கால் பாதிதான் பதிஞ்சிருக்கு. அது நொண்டுற கிடா. மந்தை இடக்கைப் பக்கம் போச்சு, அது மட்டும் வேலிக்குப் போயிருக்கு, நெத்துக்கு" என்றார். போய்ப் பார்த்தால் வேலிக்கருவை அடியில் கருவேல நெத்தைத் தின்றுகொண்டு நிற்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தானாம். இந்தப் படிப்பு நாற்பது வருஷத்துப் படிப்பு.

வேட்டை நின்ற பிறகு

வேட்டை நிற்கும்போது இந்தக் கண்ணும் போய்விடுமா? போகாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கு. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதே தடம், அதே கண். ஆனால் இப்போது விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

மானுக்கும் இப்படித் தடம் படிக்கிற ஆள் இன்று தேவைப்படுகிறது, கொல்வதற்கு அல்ல, காப்பதற்கு. கோடியக்கரையில் சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து வெளிமானின் வெட்டவெளியைத் தின்கிறது. எந்தக் கூட்டம் எங்கே நகர்ந்தது, கண்ணி எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் மண்ணில் படிப்பவர் வேட்டைத் தடுப்புக் காவலராக நடக்கிற உள்ளூர்க்காரர்தான்.

வெளிமானைப் பார்க்க ஆசை இருந்தால் இங்கிருந்து தெற்கே, திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையில் இருக்கிற வல்லநாடு சரணாலயம் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு போங்கள். மான் தெரிந்தால் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால் குனிந்து மண்ணைப் பாருங்கள். இரண்டு பிளவாகக் கூர்ந்த ஒரு குளம்படி கிடைத்தால், அதற்கு அடுத்தது எங்கே என்று தேடிப் பாருங்கள்.