ரிப்போர்ட் நார்மல், படபடப்பும் நிஜம்

ஈசிஜி காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பொதுவாகப் பதிவாவது பத்து நொடிகள். அதற்குள் இதயம் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை துடித்திருக்கும். ஒரு நாள் முழுக்க அது துடிப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை. “நேத்து ராத்திரி நெஞ்சுக்குள்ள ஏதோ புரண்ட மாதிரி இருந்துச்சு டாக்டர், ஒரு துடிப்பு நின்னு அடுத்தது தொம்முனு விழுந்துச்சு” என்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். காலையில் அந்தப் பத்து நொடிகள் இதயம் ஒழுங்காகத் துடித்தது என்பதற்கு அது சாட்சி. நேற்று ராத்திரிக்கு அது சாட்சி ஆகாது.

அதற்காக ஈசிஜியைக் குறைத்து எடைபோடவும் கூடாது. பிறவியிலேயே இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருந்தாலோ, முன்பே மாரடைப்பு வந்து தழும்பு விட்டிருந்தாலோ, அந்தப் பத்து நொடிப் பதிவே பல சமயம் காட்டிக்கொடுத்துவிடும். எக்கோ, இதயத் தசையையும் வால்வுகளையும் பார்க்கிறது. டிரெட்மில் சோதனை, உழைக்கும் நேரத்தில் இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று பார்க்கிறது. மூன்றும் நன்றாக இருந்தால் இதயத்தின் கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது, ஆபத்து மிகக் குறைவு என்று நம்பலாம். அது பெரிய ஆறுதல். ஆனால் நோயாளி கேட்க வந்தது வேறு: எனக்கு வந்ததே, அது என்ன? இதற்கு “ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்” என்பதோடு பதில் முடிந்துவிட்டால், அடுத்த தடவை படபடப்பு வரும்போது பயம் முன்னைவிடக் கூடுதலாக வரும்.

பெரும்பாலும் அது என்னவாக இருக்கும்? இதயத்தின் வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்றொரு சிறு திசு இருக்கிறது. துடிப்புக்கான மின்துடிப்பு அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். சில சமயம் இதயத்தின் வேறொரு மூலையில் உள்ள செல்கள் முந்திக்கொண்டு ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். மருத்துவர்கள் இதை எக்டோபிக் என்கிறார்கள். முன்கூட்டியே வந்துவிட்ட துடிப்பு என்பதால் கீழறையில் ரத்தம் நிரம்பியிருக்காது; வெளியே தள்ளப்படும் ரத்தமும் குறைவு. மணிக்கட்டில் கை வைத்திருந்தால் அந்தத் துடிப்பு தட்டுப்படாமலே போகலாம். பிறகு வழக்கத்தைவிட நீண்ட ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் கீழறை நன்றாக விரிந்து நிரம்புகிறது. இதயத் தசை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும் இயல்பு கொண்டது. ஆகவே அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நெஞ்சில் ‘தொம்’ என்று உணர்வது அந்தத் துடிப்பைத்தான். ‘நின்றுவிட்டது’ என்று பயந்த அந்தக் கணத்தில் இதயம் நிரம்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது இதயத்தின் நுனி மார்புச் சுவரை ஒட்டி வருவதால் அது இன்னும் துல்லியமாகத் தெரியும். ராத்திரியின் அமைதியும் சேர்ந்துகொள்கிறது.

ஆரோக்கியமானவர்களின் 24 மணி நேரப் பதிவுகளை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலோரிடம் இப்படிச் சில துடிப்புகள் இருக்கும். பலர் அவற்றை உணர்வதே இல்லை. கீழறையிலிருந்து கிளம்பும் எக்டோபிக் துடிப்புகள், மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டி, அதாவது ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனால்தான் கவனம் தேவை. நாளடைவில் அவை இதயத் தசையைத் தளரச் செய்யக்கூடும். சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் தசை மீண்டுவிடும்.

காபியை நிறுத்தச் சொல்வது பழைய அறிவுரை. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 100 பேரை இரண்டு வாரம் பதிவுக் கருவியுடன் நடமாடவிட்டு, காபி குடிக்கும் நாள் எது, குடிக்காத நாள் எது என்று குலுக்கல் முறையில் தீர்மானித்துப் பார்த்தார்கள். மேலறையில் கிளம்பும் எக்டோபிக் துடிப்புகள் சொல்லும்படி கூடவில்லை. கீழறையில் கிளம்புபவை காபி நாட்களில் 154, காபி இல்லாத நாட்களில் 102 என்று இருந்தன. காபி குடித்த நாட்களில் தூக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. எல்லாருக்கும் ஒரே தடை போடுவதற்குப் பதில், படபடப்பு உள்ளவர் தாமே இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் விட்டுவிடலாம், தெரியாவிட்டால் தொடரலாம் என்பதே என் கட்சி.

இதயத்துக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தால், உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாகத் துடித்தே ஆக வேண்டும். மாடிப்படி ஏறியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தேவை இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதைதான். ஹீமோகுளோபினும் தைராய்டும் எக்கோவுக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியவை. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், காய்ச்சல், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் பருவம், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவது ஆகியவையும் இதயத்தை விரட்டும்.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இன்னொரு வகை. உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று, ஸ்விட்ச் போட்டதுபோல, நிமிடத்துக்கு 150, 180, 200 என்று துடிப்பு எகிறும். சில நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடி, வந்த மாதிரியே சட்டென்று நிற்கும். எஸ்விடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கோளாறில், மின்னோட்டம் இதயத்துக்குள் ஒரு வட்டப்பாதையில் சிக்கிச் சுற்றுகிறது. நின்ற பிறகு எடுக்கும் ஈசிஜியில் பலருக்குச் சுவடே இருக்காது. வேர்வை, நடுக்கம், செத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாம் கூடவே வருவதால் பார்ப்பவருக்கு அது பீதி நோய் போலவே தெரியும். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எஸ்விடி உறுதியான 107 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதி நோய்க்கான வரையறைக்குள் பொருந்தின. பாதிப் பேருக்கு மேல் முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. ‘மனசுதான் காரணம்’ என்ற முத்திரை ஆண்களைவிடப் பெண்கள் மேல்தான் அதிகம் விழுந்திருந்தது. இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. எஸ்விடிக்குக் காரணமான மின்பாதையைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சுட்டு அகற்றினால் மிகப் பெரும்பாலோருக்கு அது திரும்ப வருவதில்லை. குணமாகக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் வருடக்கணக்கில் தூக்க மாத்திரை விழுங்குவது கொடுமை.

ஆகவே அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற ஊரில் நார்மன் ஹோல்டர் என்ற ஆராய்ச்சியாளர் இதற்குத்தான் வழி தேடினார். அவர் மருத்துவர் அல்லர், இயற்பியல் படித்தவர். அவருடைய முதல் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமந்துகொண்டு நடமாட வேண்டும். 1961இல் அவர் கட்டுரை வெளியானபோது கருவி கையடக்கமாகச் சுருங்கியிருந்தது. இன்று ஹோல்டர் என்றால் 24 அல்லது 48 மணி நேரம் மார்பில் ஒட்டிக்கொள்ளும் சிறு பெட்டி. தினமும் வரும் படபடப்புக்கு அது போதும். வாரத்துக்கு ஒரு தடவை வருவதை ஒரு நாள் ஹோல்டரில் தேடிப் பயனில்லை. இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் பட்டை வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு தடவை மயக்கத்தோடு வருகிறதென்றால் தோலுக்கடியில் பதிக்கும் கருவி உண்டு. அது வருடக்கணக்கில் காத்திருக்கும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டால் அதற்கு இணை கிடையாது. பழைய மருத்துவர்கள், துடிப்பு எப்படி இருந்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்வார்கள். ஒழுங்கான வேகமா, தாறுமாறா, நடுவில் ஒன்று விட்டுப்போனதா என்பது அந்தத் தட்டலிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்படிப் பதிவான நேரத்திலும் துடிப்பு ஒழுங்காகவே இருந்தால்? அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து வந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் கவனித்த ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா, 1871இல் இதைப் பற்றி எழுதினார். படபடப்பு, மார்வலி, மூச்சிரைப்பு எல்லாம் இருந்தும் இதயத்தில் கோளாறு என்று காட்ட எதுவும் இல்லாத இளைஞர்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனிலும் இதே நிலையில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் அவர்களைப் படுக்கையில் கிடத்தாமல் படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்தார், பலர் தேறினார்கள்.

மூளையின் பங்கு இங்கேதான் வருகிறது. உடலுக்குள்ளிருந்து வரும் சேதிகளை வாங்கும் பகுதிகளில் இன்சுலா முக்கியமானது. சிலருக்கு அது இதயத்தை மிகக் கூர்மையாகக் கவனிக்கிறது. 1988இல் வெளியான ஒரு சோதனையில், இதயத் துடிப்பு திடீரென ஏறுவதாகப் பொய்யாகக் காட்டியபோது, பீதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடி, துடிப்பும் நிஜமாகவே ஏறியது. 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் எலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி நிமிடத்துக்கு 900 தடவை துடிக்க வைத்தார்கள். ஆபத்தில்லாத சூழலில் எலிகள் பயத்துக்கான அறிகுறி காட்டவில்லை. திறந்தவெளியிலும், லேசான மின்னதிர்ச்சி கிடைக்கலாம் என்ற இடத்திலும்தான் ஒதுங்கின. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியதும் அந்த அச்சம் குறைந்தது. வேகமான துடிப்பும் ஆபத்தான சூழலும் சேர்ந்தால்தான் அச்சம் பிறக்கிறது. மைதானத்தில் ஓடும்போது 140 துடிப்பு நம்மைப் பயமுறுத்துவதில்லை. நண்பருக்கு மாரடைப்பு என்று கேட்ட ராத்திரி, 100 துடிப்பே போதும். அந்தப் பயம் அட்ரினலினைச் சுரக்கவைத்து இதயத்தை இன்னும் விரட்டும். இந்தச் சுழலை மெதுவான மூச்சு, ஒழுங்கான நடை, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரின் துணை ஆகியவற்றால் உடைக்கலாம். நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்ப்பதும் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அதை வளர்க்கும்.

1996இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் படபடப்புக்காக வந்த 190 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 43 சதவீதம் பேருக்குக் காரணம் இதயம். 31 சதவீதம் பேருக்கு மனம். 16 சதவீதம் பேருக்குக் காரணமே பிடிபடவில்லை. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 1.6 சதவீதம்தான், ஆனால் நான்கில் மூன்று பேருக்குப் படபடப்பு திரும்ப வந்தது. இந்த இரண்டு சேதியையும் சேர்த்தே சொல்லி அனுப்ப வேண்டும்: உங்களுக்கு இருப்பது இன்னது, ஆபத்தில்லை, மறுபடி வரலாம். படபடப்போடு மயக்கம் வந்தாலோ, ஓடும்போதும் படியேறும்போதும் வந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென இறந்திருந்தாலோ, பழைய நார்மல் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே வாருங்கள். மருத்துவருக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும்.